ஒரு கடையில் 32 சரி, இன்னொரு கடையில் 32 டைட்... ஜீன்ஸ் சைஸில் என்னதான் குழப்பம்?

தி.நகர் கடையில் 32 சைஸ் ஜீன்ஸ் கச்சிதமாக இருக்கும். அதே வாரம் ஆன்லைனில் வேறு பிராண்டில் அதே 32 ஆர்டர் போட்டால் தொடையைத் தாண்டி ஏறாது. உடனே 'வெயிட் போட்டுட்டோமோ' என்று கவலை வந்துவிடும். ஒரே வாரத்தில் யாரும் அப்படிக் குண்டாவதில்லை. சிக்கல் லேபிளில் இருக்கிறது.

அந்த எண் இடுப்புச் சுற்றளவை இன்ச்சில் சொல்கிறது என்றுதான் பெயர். டேப் வைத்து அளந்தால் 33, 34 கூட வரும். 'நமக்குச் சின்ன சைஸே போதுமே' என்று வாங்குபவர் சந்தோஷப்படட்டும் என்று பிராண்டுகள் செய்யும் வேலை இது. இதற்கு 'வேனிட்டி சைஸிங்' என்று பெயர். போதாக்குறைக்கு, இங்கே விற்கும் பல பிராண்டுகளின் அளவுகள் வெளிநாட்டு உடல்வாகை வைத்துப் போடப்பட்டவை. இந்தியர்களுக்கென்று தனி அளவு அட்டவணை வேண்டும் என்றுதான் மத்திய ஜவுளி அமைச்சகமும் நிஃப்ட் நிறுவனமும் 'இந்தியா சைஸ்' திட்டத்தில் இறங்கின. 6 நகரங்களில் 25,000 பேரின் உடலை 3டி ஸ்கேனரில் அளப்பது அதன் இலக்கு.

அப்போ எதைப் பார்த்து வாங்குவது?

வீட்டில் நன்றாகப் பொருந்தும் பழைய ஜீன்ஸ் ஒன்று இருக்குமே, அதைக் கட்டிலில் விரித்து அளந்துகொள்ளுங்கள். ஆன்லைன் அட்டவணையோடு ஒப்பிடும் முன், அதில் இருப்பது உடல் அளவா, துணி அளவா என்று பாருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இடுப்பைவிட முக்கியமானது 'ரைஸ்'. கால் பிரியும் இடத்துத் தையலிலிருந்து பட்டன் வரைக்குமான உயரம் அது. பெண்கள் ஜீன்ஸில் சுமார் 8 இன்ச் என்றால் லோ, 9 முதல் 10 வரை மிட், அதற்கு மேல் ஹை. தொப்பை இருப்பவர்கள் லோ ரைஸ் போட்டால் சதை மேலே பிதுங்கும். உட்கார்ந்தால் பின்பக்கம் இறங்கும். மிட் அல்லது ஹை ரைஸ் வயிற்றை அணைத்துப் பிடிக்கும். குள்ளமானவர்களுக்குக் காலும் நீளமாகத் தெரியும். ஆப்பிள், பேரிக்காய் என்று உடம்பைப் பழக்கடையாக்கும் டிப்ஸ்களைவிட இந்த ஒரு அளவு அதிகம் உதவும்.

அடுத்து, உள்ளே தைத்திருக்கும் துணி லேபிள். எலாஸ்டேன் 1, 2 சதவீதம் இருந்தால் உட்கார எழ வசதி. முழு காட்டன் என்றால் போடப் போடக் கொஞ்சம் தளரும். முதலில் லேசாகப் பிடித்தாலும் பரவாயில்லை. ஆனால் 'லூஸ் ஆயிடும் மேடம்' என்று சேல்ஸ்மேன் சொல்வதை நம்பி மூச்சை இழுத்துப் பட்டன் போட வேண்டாம். ரொம்ப டைட்டான ஜீன்ஸ், தொடையின் வெளிப்பக்க உணர்வு நரம்பை அழுத்தி மரத்துப்போக வைக்கும். மருத்துவத்தில் இதற்கு 'மெரால்ஜியா பாரஸ்தெடிகா' என்று பெயர்.

ட்ரையல் ரூமில் நின்று செல்ஃபி எடுத்தால் மட்டும் போதாது, உட்கார்ந்து பாருங்கள். தொடை இடுக்கில் பக்கவாட்டில் கோடு கோடாக இழுத்தால் டைட். பின்பக்கம் பிட்டத்துக்குக் கீழே துணி மடிந்து தொங்கினால் லூஸ். பின்பாக்கெட் ரொம்பச் சின்னதாகவும், ஒன்றுக்கொன்று தள்ளியும் இருந்தால் பின்பக்கம் அகலமாகத் தெரியும்.

தொடையில் சரியாக இருந்து, இடுப்புக்குப் பின்னால் கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறதா? தயங்காமல் வாங்கலாம். இடுப்பைப் பிடித்துத் தைப்பது டெய்லருக்குச் சாதாரண வேலை. தொடையையோ ரைஸையோ பெரிதாக்குவதுதான் கஷ்டம். நீளத்தைக் குறைப்பதாக இருந்தால் மட்டும் ஒருமுறை துவைத்துக் காயவைத்த பிறகு கொடுங்கள், காட்டன் கொஞ்சம் சுருங்கும். வழக்கமாகப் போடும் ஷூவையும் மாட்டிக்கொண்டு போய் அளவு கொடுத்தால் நல்லது.