செயற்கைக்கோளுக்கு முன்பே புகையைப் பார்ப்பவர்கள்! - ஓசூர் காட்டோரத்தின் தீக்காலம்

ஓசூர் என்றதும் சிப்காட்டும் ஷிஃப்ட் பஸ்களும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், தேன்கனிக்கோட்டையைத் தாண்டி அஞ்செட்டி சாலையில் போனால் காட்சியே மாறிவிடும். மேலகிரி மலைகள், மூங்கில், உண்ணிச்செடிப் புதர்கள், நடுநடுவே கேழ்வரகுக் கொல்லைகள். பிப்ரவரி பிறந்தால் மரங்கள் இலையுதிர்த்து, தரையெல்லாம் சருகு மெத்தையாகக் கிடக்கும். கோடை மழை இறங்கும்வரை காட்டோர ஊர்க்காரர்களுக்கு ஒரு கண் மலைமேலேயே இருக்கும்.

காரணம் இருக்கிறது. கேழ்வரகு அறுவடை முடிந்து, தாள் எல்லாம் போராக நிற்கும் நேரம் அது. காட்டிலிருந்து பறந்துவரும் ஒரு பொறி போரில் விழுந்தால், அடுத்த அறுவடைவரை மாடுகளுக்கு வைத்திருந்த தீனி அரை மணி நேரத்தில் சாம்பல். தீயணைப்பு வண்டி தார்ச்சாலைவரை வரும். மலைச்சரிவில் அது ஏறாது. அங்கே காலும் கையும்தான்.

இந்தப் பகுதியில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கலந்து புழங்கும். 'தீ' என்றாலும், 'பெங்கி' என்றாலும், 'நிப்பு' என்றாலும் ஊருக்குப் புரியும். ஜவளகிரி காடு அப்படியே கர்நாடகத்தின் பன்னேர்கட்டாவோடு போய்ச் சேர்கிறது. யானைகளுக்கு எல்லைக்கோடு தெரியாதது போலவே தீக்கும் தெரியாது.

தண்ணீர் இல்லாமல் காட்டுத்தீயை அணைக்க முடியுமா என்று நகரத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். இங்குள்ள இலையுதிர் காடுகளில் பெரும்பாலும் எரிவது மரமல்ல. தரையில் கிடக்கும் சருகும் புல்லும்தான். பச்சைத் தழையோடு ஒரு கிளையை ஒடித்து, நெருப்பின் ஓரத்தில் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஓங்கி அடித்தால் பொறி பறந்து நான்கு இடத்தில் புதிதாகப் பற்றும். தீயின் முகத்துக்கு நேரே நிற்காமல், ஏற்கெனவே எரிந்து கருகிய பக்கத்திலிருந்து விலாவை ஒடுக்கிக்கொண்டே போக வேண்டும். நைலான், பாலியஸ்டர் உடுப்பு கூடாது. உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஊருக்குப் பக்கத்தில் தீ வந்துவிட்டால் டிராக்டரால் ஒரு சுற்று உழுது மண்ணைப் புரட்டலாம். வெறும் மண்ணை மேல்தீ தாண்டுவது கடினம். மருந்தடிக்கும் முதுகுத் தெளிப்பானில் தண்ணீர் நிரப்பி, புகையும் கட்டைகளை நனைக்கலாம்.

காற்று அடங்கும் அதிகாலையும் மாலைக்குப் பிறகான நேரமும்தான் தீயை மடக்க வசதியானவை. சிக்கல் என்னவென்றால், ஓசூர் காடுகளில் யானை நடமாடுவதும் அந்நேரத்தில்தான்!

எதை வேண்டுமானாலும் செய்யலாம், தீக்கு மேலே சரிவில் மட்டும் நிற்கக் கூடாது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஓடித் தப்பலாம் என்ற கணக்கே அங்கு செல்லாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்கள் தீயில் சிக்கி, 23 பேர் உயிரிழந்தது யாருக்கும் மறந்திருக்காது. ஹெலிகாப்டர் வரும் முன்பே மேலே ஏறிப்போய், காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கத் தொடங்கியவர்கள் உள்ளூர்க்காரர்களும் எஸ்டேட் தொழிலாளர்களும்தான்.

டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள் தகவலை வைத்து தீ எச்சரிக்கையைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. பொதுமக்களும் பதிவுசெய்து பெறலாம். நல்ல ஏற்பாடு. ஆனால், அதில் முக்கியமான ஒரு கருவி இந்த வானத்தைக் கடப்பது பகல் ஒன்றரை மணி வாக்கிலும் நள்ளிரவு ஒன்றரை மணி வாக்கிலும். பிற்பகல் மூன்று மணிக்குப் பற்றும் தீயை அதற்கு முன்பே பார்ப்பவர், மலையடிவாரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருப்பவர். எந்த ஓடையில் தண்ணீர் நிற்கிறது, எந்தத் தடத்தில் இறங்கினால் ஊர் வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

சந்தேகம் முதலில் விழுவதும் அவர்மேல்தான். அதில் உண்மையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நம் காடுகளில் தானாகப் பற்றும் தீ அபூர்வம். புதுப்புல் முளைக்கட்டும் என்று வைக்கும் தீ, அணைக்காமல் வீசும் பீடி, வேட்டைக்காரர்கள் மூட்டும் தீ, கொல்லையில் கொளுத்திய குப்பை என எல்லாமே மனிதர் கைவேலை. ஆனால், ஒருவர் செய்ததற்காக ஊரையே குற்றவாளியாகப் பார்த்தால், அடுத்த முறை புகையைக் கண்டவர் வாய் திறப்பாரா?

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் அதைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. இந்தப் பக்கம் காவிரி வடக்கு சரணாலயம் 2014-லேயே வந்துவிட்டது. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு சரணாலயமும் வந்தது. ஆலம்பாடி மாடுகளைக் காட்டில் பட்டி போட்டு வளர்த்தவர்களின் தடங்கள் இப்படித்தான் குறுகின. காட்டுயிர்களுக்கு அது தேவை என்பதில் மறுப்பில்லை. மேய்ப்பவர் வெளியேறிய இடத்தில் புகையைப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே யோசித்திருக்க வேண்டும்.

வனத்துறை, தீக்காலத்துக்கு மட்டும் உள்ளூர்க்காரர்களைத் தீத்தடுப்புக் காவலர்களாக எடுப்பதுண்டு. சருகு அகற்றி தீத்தடுப்புக் கோடு போடுவதும் ரோந்து போவதும் அவர்கள் வேலை. 1997-ல் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில் அமைந்த கிராம வனக் குழுக்களுக்கும் தீத்தடுப்பில் பங்கு உண்டு. இந்த இரண்டு பட்டியலிலும் பெயர் இல்லாமல், புகையைக் கண்டதும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஓடுகிறவர்தான் பாக்கி. அவருக்குத் தேவை பெரிய இயந்திரங்கள் அல்ல. கனமான ஷூ, பருத்தி முழுக்கைச் சட்டை, தண்ணீர் கேன், டார்ச், ஜனவரியிலேயே ஒரு நாள் பயிற்சி, தீயில் சிக்கினால் குடும்பத்துக்குக் கிடைக்கும்படி ஒரு காப்பீடு. பிப்ரவரிக்கு முன் ஊருக்கு 10 பேருக்காவது இது கிடைக்க வேண்டும்.