கைதட்டல் யாருக்கு?

போன வாரம் 'தி பியானிஸ்ட்' படத்தை மறுபடி பார்த்தேன். இடிந்து கிடக்கும் வார்சாவில் ஊறுகாய் டின்னைத் திறக்க முடியாமல் நாயகன் தவிக்கும்போது இப்பவும் தொண்டை அடைத்தது. இயக்குநர் ரோமன் போலன்ஸ்கி தாயை ஆஷ்விட்ஸ் முகாமில் பறிகொடுத்தவர். அதே மனிதர்தான் 1977-இல் 13 வயதுச் சிறுமியுடன் பாலுறவு கொண்டதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, தண்டனை அறிவிக்கும் முன்பே அமெரிக்காவை விட்டு ஓடியவர். 2003-இல் இந்தப் படத்துக்காக அவருக்கு ஆஸ்கர் அறிவித்தபோது அரங்கில் பலர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

படத்தைப் பார்ப்பதில் தப்பில்லை. அது வார்சா யூதர்களின் கதை. ஆனா, 'பெரிய மேதைப்பா, பழசை விடு' என்கிறோமே, அங்கதான் இடிக்குது. பாதிக்கப்பட்ட பெண்ணே பின்னாளில் அவரை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். அது அந்தப் பெண்ணின் உரிமை; நம்முடையது அல்ல. படம் முடிந்ததும் மனசு கனக்கட்டும். அந்த மனிதருக்காகக் கை மட்டும் தட்ட வேண்டாம்.