கைரல் உலோகப் படலம்

கைரல் உலோகப் படலம் என்பது, மேற்பரப்பின் அணு அடுக்கில் இடக்கை அல்லது வலக்கைத் தன்மை கொண்ட மெல்லிய உலோகப் பூச்சு ஆகும். வலிமையான காந்தப்புலத்தில் மின்முலாம் பூசி இதைப் பெறலாம். ஜப்பானின் செண்டாய் நகரிலுள்ள தொஹோகு பல்கலைக்கழகத்தில் இவாவோ மொகி குழுவினர் வெள்ளி, செம்புப் படலங்களில் இதைச் செய்து காட்டியுள்ளனர்.

கைரல் தன்மை

வலம்புரிச் சங்கும் இடம்புரிச் சங்கும் ஆடி பிம்பங்கள் போன்றவை. எப்படித் திருப்பினாலும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. சில மூலக்கூறுகளும் இப்படியே அமைந்துள்ளன. நம் உடலின் புரதங்கள் எல் வகை அமினோ அமிலங்களால் ஆனவை. ஆகவே மருந்து மூலக்கூறின் 'கை' மாறினால் பலனும் மாறலாம். தாம்பரம் சானடோரியம் 1928இல் காசநோய் மருத்துவமனையாகத் தொடங்கப்பட்டது. அந்நோய்க்குப் பின்னாளில் வந்த மருந்துகளுள் ஒன்று எதாம்பூட்டால். அதன் வலஞ்சுழி வடிவமே மருந்தாகிறது; ஆடி பிம்ப வடிவத்துக்குக் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் மிகக் குறைவு.

உருவாகும் விதம்

காப்பர் சல்பேட் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் எதிர்மின்வாயில் செம்பு படியும். அப்போது மின்வாயின் பரப்புக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் செலுத்தப்படுகிறது. சோதனைகளில் 5 டெஸ்லா வரையிலான புலம் பயன்பட்டது. மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவியில் பொதுவாக 1.5 டெஸ்லா இருக்கும்.

மின்வாயின் ஓரத்தில் மின்னோட்டம் வளைவதால் அங்கு லாரன்ஸ் விசை தோன்றி, கரைசல் முழுவதையும் ஒரே பக்கமாகச் சுழற்றுகிறது. படியும் பரப்பின் மேடு பள்ளங்களைச் சுற்றிலும் நுண்சுழல்கள் எழுகின்றன. பெருஞ்சுழற்சி இல்லையென்றால் இடச்சுழலும் வலச்சுழலும் சமமாக இருந்து ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். பெருஞ்சுழற்சி அந்தச் சமநிலையைக் குலைப்பதால், ஒரு பக்கச் சுழலின் தடம் அணு அடுக்கில் பதிகிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகின்றனர். கரைசலில் கைரல் பொருள் எதையும் சேர்க்கத் தேவையில்லை என்பதே இம்முறையின் சிறப்பு.

சோதனை

படலத்தையே மின்வாயாக்கி, எல்-அலனின், டி-அலனின் கரைசல்களில் தனித்தனியே மின்னோட்டத்தை அளக்கின்றனர். காந்தப்புலமின்றிப் பூசிய படலம் இரண்டுக்கும் ஒரே அளவைத் தரும். கைரல் படலம் வெவ்வேறு அளவைத் தரும். புலத்தின் திசையைத் திருப்பினால் பல சோதனைகளில் படலத்தின் 'கை'யும் மாறியது. சில நிலைமைகளில் இந்த ஒழுங்கு குலைவதும் உண்டு.

பயன்

ஆடி பிம்ப மூலக்கூறுகளை இனங்காணும் உணரிகளுக்கும், ஒரு வகையை மட்டும் தயாரிக்க உதவும் வினையூக்கிகளுக்கும் இத்தகைய படலங்கள் வழிவகுக்கலாம்.

தமிழ்நாட்டில் மின்வேதியியல்

மின்முலாம் உள்ளிட்ட மின்வேதியியல் ஆய்வுக்கென இயங்குவது காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் (சிக்ரி). அழகப்ப செட்டியார் வழங்கிய நிலத்தில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்டது. பிளஸ் டூவுக்குப் பின் இத்துறையில் பி.டெக். படிக்கும் வாய்ப்பையும் அது தந்துவருகிறது.