சண்டை போடாத மக்களுக்குச் சட்டம் எதற்கு?

குழந்தைகளே! மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்து, பகடை உருட்டி, வாயாலேயே ஒரு கதையை நடத்திக்கொண்டு போகும் விளையாட்டை உங்களில் சிலர் ஆடியிருப்பீர்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறிவிடுவார்கள். ஒருவர் மந்திரவாதி, ஒருவர் குள்ளர், ஒருவர் வில்லாளி. "நான் அந்தக் குகைக் கதவைத் திறக்கிறேன்" என்று மந்திரவாதி சொன்னால், கதவு திறந்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கதையை நடத்துபவர் சொல்ல வேண்டும். இந்த வகை விளையாட்டில் பேர்பெற்ற 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கியது. விலை கொடுத்து வாங்கினால்தான் ஆடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு பழைய நோட்டும், பென்சிலும், வீட்டில் கிடக்கும் தாயக்கட்டையும் போதும்!

இதில் ரொம்ப சுவையான வேலை, கதையில் வரும் மக்களை நாமே உருவாக்குவதுதான். சண்டைக்கார மக்களை உருவாக்குவது சுலபம். கையில் ஒரு கோடரியைக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அமைதியான மக்களை உருவாக்கும்போதுதான் மாட்டிக்கொள்வோம்.

"ஏரிக்கரையில் நீர்மணியர் என்று ஒரு மக்கள் வாழ்கிறார்கள். ரொம்ப நல்லவர்கள். சண்டை என்றால் என்னவென்றே தெரியாது" என்று எழுதிவிடுவோம். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம் ஆகாது. எதிரே உட்கார்ந்திருக்கும் வாண்டு கேட்கும்:

"ஏரியில் ஒரு மூலையில்தான் மீன் நிறையக் கிடைக்கும். அந்த மூலைக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்துவிட்டால்?"

"ஒருவர் விட்டுக்கொடுத்துவிடுவார்."

"தினமுமா? அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?"

இதற்குப் பதில் இல்லையென்றால் நீர்மணியர் வெறும் பொம்மைகள்தான். யாரும் நம்ப மாட்டார்கள். பதிலைத் தேடி வேற்றுலகம் போக வேண்டாம். சென்னையிலிருந்து வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் போனால் போதும். அங்கே பழவேற்காடு ஏரி இருக்கிறது.

இது வேறு பாடு!

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திராவிலும், தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா தீவு நீளமாகப் படுத்திருக்கிறது. சுற்றுலா போனவர்கள் பூநாரைகளையும் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளையும் பார்த்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அதன் பெயர் 'பாடு'.

'பாடு' என்றதும் 'பட்ட பாடு' நினைவுக்கு வருகிறதா? இது வேறு. மீன் பிடிக்கும் இடத்துக்கும், அங்கே வலை போடும் முறைக்கும் மீனவர்கள் வைத்திருக்கும் பெயர் இது. இலங்கைத் தமிழ் மீனவர்களும் கரைவலை இழுக்கும் இடத்தைப் பாடு என்றே சொல்கிறார்கள்.

பாடு ஏன் வந்தது என்று புரிய வேண்டுமானால் முதலில் இறாலின் கதை தெரிய வேண்டும். இறால் கடலில் பிறக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் குஞ்சாக இருக்கும்போதே, கடல் பொங்கி ஏறும் நீரோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்துவிடும். ஏரி ஆழமில்லாதது, இரையும் நிறைய. சில மாதம் தின்று வளர்ந்துவிட்டு, முட்டையிட மறுபடியும் கடலுக்குப் புறப்படும். எந்த வழியாக? அதே முகத்துவாரம்தான். பள்ளி விட்டதும் நாம் எல்லோரும் ஒரே கேட் வழியாக வெளியே ஓடுகிறோமே, அதேபோல!

அப்படியானால் எந்த இடத்தில் வலை கட்டினால் நிறைய இறால் கிடைக்கும்? நீங்களே சொல்லிவிடுவீர்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், நீர் வடியும் பாதையில். தரையில் முளைகளை ஊன்றி வலையைக் கட்டிவிட்டால், வடியும் நீரே இறாலைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் அந்த இடம் குறுகலானது. ஒருவர் வலைக்கு முன்னால் இன்னொருவர் வலை கட்டினால் பின்னால் இருப்பவருக்கு வெறும் தண்ணீர்தான் மிஞ்சும். சண்டை வருவதற்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா?

கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்கள் இதற்குத் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் வழிதான் பாடு. நல்ல இடம், சுமாரான இடம் என்று எல்லாவற்றையும் முதலில் பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். யாருக்கு உரிமை என்பதற்குத் 'தலைக்கட்டு' என்று ஒரு கணக்கு. குடும்பம் நடத்தும் ஆண் ஒரு தலைக்கட்டு. ஊர் வரியும் அவர் பெயரில்தான். தலைக்கட்டுக்காரர்கள் கூடிச் சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். யாருக்கு எந்த இடம் என்று சீட்டு சொல்லும். அதுவும் நிலையாக இல்லை. முறை சுழன்றுகொண்டே இருக்கும். இன்று சுமாரான இடம் வந்தவருக்கு இன்னொரு நாள் நல்ல இடம் வரும். கட்டை மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து விசாரிக்கும்.

பாருங்கள், இந்த மீனவர்களுக்குக் கோபம் வராது என்று யாராவது சொல்ல முடியுமா? வரும். அவர்கள் முனிவர்கள் இல்லை. கோபம் வரும் இடம் எது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அந்த இடத்தில் ஒரு சீட்டுப் பானையை வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். சீட்டின் மேல் யாரும் கோபப்பட முடியாதே! உங்கள் நீர்மணியருக்கும் இப்படி ஒரு பானை வேண்டும்.

கிழக்கே ஒரு இடம், மேற்கே ஒரு இடம்

இது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். துருக்கி நாட்டில் அலன்யா என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. 1970களில் அங்கே நூறு மீனவர்கள் அளவில் இருந்தார்கள். இடத்துக்காக அடிதடி வரை போயிருக்கிறது. பிறகு அவர்களே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

ஒவ்வொரு செப்டம்பரிலும் மீனவர் பட்டியல் எழுதுவார்கள். வலை போடும் இடங்களுக்கெல்லாம் பெயர் வைத்து இன்னொரு பட்டியல். இரண்டு வலைகள் ஒன்றையொன்று மறைக்காதபடி இடைவெளி விடுவார்கள். பிறகு சீட்டு. இனிமேல்தான் வேடிக்கை. சீட்டில் வந்த இடத்தில் முதல் நாள் மட்டும்தான். மறுநாள் எல்லோரும் கிழக்கே ஒரு இடம் நகர வேண்டும். அதற்கு மறுநாள் இன்னும் ஒன்று. ஜனவரி வந்ததும் திசையை மாற்றி மேற்கே நகர்வார்கள். ஏனென்றால் அந்தக் கடலில் மீன் கூட்டமும் அப்படித்தான் திசை மாறிப் போகிறது! மீனின் நடமாட்டம் தெரியாதவர்கள் இப்படி ஒரு விதியை எழுதியிருக்கவே முடியாது.

யாராவது ஏமாற்றினால்? போலீஸ்காரர் வேண்டியதில்லை. நல்ல இடம் யார் முறையோ, அவர் அன்று விடிவதற்கு முன்பே அங்கே வந்துவிடுவார். வேறு யாராவது நின்றால் உடனே தெரிந்துவிடும். மற்ற மீனவர்களும் அவர் பக்கம்தான் பேசுவார்கள். நாளைக்கு அவர்களுக்கும் அந்த முறை வர வேண்டுமே!

அமெரிக்கப் பேராசிரியர் எலினார் ஆஸ்ட்ராம் 1990ஆம் ஆண்டு எழுதிய புத்தகத்தில் அலன்யாவைப் பற்றி விளக்கியிருக்கிறார். பொதுவான ஏரி, காடு, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றை மக்கள் தாங்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டியவர் அவர். 2009ஆம் ஆண்டு பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

இலங்கையின் நீர்கொழும்புக் காயலிலும் முளைவலைக்காரர்கள் நான்கு சங்கங்களாகச் சேர்ந்து சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். 1958ஆம் ஆண்டு அரசாங்கமே அதை விதியாக வெளியிட்டது.

கதைக்காரர்களுக்கும் இந்த ரகசியம் தெரியும். டோல்கீன் எழுதிய 'தி ஹாபிட்' (1937) கதையில் வரும் குட்டை மனிதர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாப்பாட்டுப் பிரியர்கள், அமைதியானவர்கள். அடுத்து வந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில் அவர்களுடைய நாடு முழுவதற்கும் காவலர்கள் பன்னிரண்டே பேர். அவர்களுக்கும் வழிதவறிய ஆடுமாடுகளைப் பிடிப்பதுதான் பெரிய வேலை! ஆனால் உயில் எழுதினால் மட்டும் ஏழு சாட்சிகள் சிவப்பு மையில் கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்திருக்கிறார் டோல்கீன். ஏன் ஏழு பேர்? அந்த நாட்டிலும் பாட்டன் சொத்துக்கு மல்லுக்கட்டும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். இந்த ஒரு விதியைப் படித்ததும் அந்த மக்கள் நிஜமாகிவிடுகிறார்கள். எனக்கு அவர்களுடைய விருந்துகளைவிட இந்தச் சிவப்பு மைதான் பிடிக்கும்.

வரிசையில் நிற்காதவர்கள்

இனி கொஞ்சம் கஷ்டமான விஷயம். பெரிய வகுப்புப் பிள்ளைகள் கவனமாகப் படியுங்கள்.

பழவேற்காட்டுப் பாட்டில் எல்லோருக்கும் சீட்டு உண்டா? இல்லை. அந்த உரிமை பட்டினவர் என்ற மீனவர் சமூகத்துக்கு மட்டும், அதிலும் தலைக்கட்டு உள்ள ஆண்களுக்கு மட்டும். அதே ஏரியை நம்பி வேறு பலரும் வாழ்கிறார்கள். வலையும் படகும் இல்லாமல், தண்ணீருக்குள் இறங்கிச் சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. பெண்களும் அப்படிப் பிடிக்கிறார்கள். சீட்டுப் போடும் இடத்தில் இவர்களுக்குப் பெயர் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்குப் பாடு நியாயமான முறை. வெளியே நிற்பவர்களுக்கு அது ஒரு வேலி.

வெளிநாடுகளுக்கு இறால் ஏற்றுமதியாகி விலை ஏறியதும் இந்த வேலி இன்னும் நெருக்கடிக்கு உள்ளானது. காசு வரும் இடத்தில் எல்லோருக்கும் பங்கு வேண்டும்தானே? புதியவர்களும் வலையோடு வந்தார்கள். பாடு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் தகராறுகள் நடந்திருக்கின்றன. போதாக்குறைக்கு, முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும். அடைத்துவிட்டால் இறால் குஞ்சு உள்ளே வராது, ஏரிக்குள் இருக்கும் படகு கடலுக்குப் போக முடியாது. அப்போது நல்ல இடத்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதனால் நோட்டை மறுபடியும் எடுங்கள். நீர்மணியர் பக்கத்துக்கு வாருங்கள். 'சண்டை தெரியாதவர்கள்' என்ற வரியை அடித்துவிட்டு, அவர்கள் ஏரியில் எல்லோரும் விரும்பும் இடம் எது என்று எழுதுங்கள். சீட்டை யார் குலுக்குவார், ஏமாற்றினால் முதலில் யார் கண்ணில் படும், மீன் இல்லாத வருடம் என்ன செய்வார்கள் என்றும் எழுதுங்கள். கடைசியாக, சீட்டுப் போடும் நாளில் கூட்டத்துக்கு வெளியே, ஈரத் துணியோடு ஒரு சிறுமியை நிறுத்துங்கள். அவள் கையில் நாலு இறால். அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஆட்டத்தை அங்கே தொடங்குங்கள். அவள் வாய் திறந்து கேட்கப்போகிறாள். ஊர்ப் பெரியவராக உங்கள் தோழன், சீட்டுப் பானையைப் பிடித்திருப்பவராக உங்கள் தங்கை. பகடை யார் கையில்?