பழைய இரும்பும் பதிவேடும்

பழைய இரும்பு பொறுக்கி விற்பவரைத் திருடனாகப் பார்க்கும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. பிரிட்டிஷ் அரசு அந்தச் சந்தேகத்தைச் சட்டமாகவே எழுதிவைத்தது. அது தொடங்கிய இடம் துறைமுகம்.

பாய்மரக் கப்பல் காலத்தில் நங்கூரம், சங்கிலி, வடக்கயிறு, பாய், செப்பு ஆணி எல்லாமே விலைபோகும் சரக்கு. கப்பலில் கழித்த சாமான்களை வாங்கி விற்பதற்கென்றே லண்டனில் கடைகள் இருந்தன. தேம்ஸ் ஆற்றின் சேற்றில் இறங்கி நிலக்கரித் துண்டு, இரும்பு, கயிறு பொறுக்கிப் பிழைத்த சிறுவர்களையும் முதியவர்களையும் பற்றி, ஹென்றி மேஹியூ என்ற பத்திரிகையாளர் 1851-லேயே எழுதியிருக்கிறார்.

1854-ல் வந்த வணிகக் கப்பல் சட்டம் இந்தக் கடைக்காரர்களுக்குச் சில கட்டளைகளை விதித்தது. கடையில் பெயரையும் தொழிலையும் ஆறு அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் எழுத வேண்டும். சரக்கு வாங்கிய நாள், விற்றவர் பெயர், தொழில், முகவரி ஆகியவற்றைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். பார்த்தால் 16 வயதுக்குக் குறைவாகத் தெரிபவரிடம் எதையும் வாங்கக் கூடாது. ஐந்து பாகத்துக்கு, அதாவது 30 அடிக்கு மேல் நீளமுள்ள வடத்தை அனுமதியின்றி வெட்டக் கூடாது. கடற்படையோ தன் கயிறுகளுக்குள் வண்ண நூலை வைத்து முறுக்கி அடையாளம் வைத்தது.

துறைமுகங்களில் திருட்டு நடந்தது உண்மை. கப்பல் உடைமையாளருக்குப் பாதுகாப்பும் தேவைதான். ஆனால் சேற்றில் இறங்கிய சிறுவனின் நிலை என்ன? சட்டத்தை மதிக்கும் கடை அவனிடம் வாங்காது. பதிவேடு எழுதாத கடைதான் அவனுக்கு மிச்சம். அங்கே கேட்ட விலை கிடைக்குமா? சட்டம் சரக்கைக் காத்தது, பொறுக்கியவனைக் காக்கவில்லை.

இத்தகைய சட்டம் காலனிகளுக்கும் போனது. கரீபியன் கடலிலுள்ள டிரினிடாட் தீவில் அதன் பெயரே 'பழைய உலோகம், கப்பல் சாமான் சட்டம்'. 1962-ல் நாடு விடுதலை பெற்ற பிறகும் அது நீடித்தது. செப்புக் கம்பிகள் திருடுபோவது பெருகியதால், 2022 ஆகஸ்டில் அந்நாட்டு அரசு பழைய உலோக ஏற்றுமதிக்கு ஆறு மாதத் தடை விதித்தது. கம்பியை வெட்டியவர் சிலர். பிழைப்பை இழந்தவர்களில் அன்றாடம் பொறுக்கி விற்றவர்களும் உண்டு. அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

நம் நாட்டில் அதே ஆட்சி இன்னும் ஒரு படி மேலே போனது. 1871-ன் குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பை வைத்தே மக்களைக் காவல்துறைப் பதிவேட்டில் ஏற்றியது. நாடு முழுவதும் அது நீக்கப்பட்டது 1952-ல்தான். சட்டம் போனாலும் பார்வை போகவில்லை. எங்கேனும் மோட்டார் கம்பி காணாமல் போனால், முதல் விசாரணை யாரிடம் நடக்கிறது என்பது ஊரறிந்தது.

பதிவேட்டை வேறு விதமாகவும் எழுதலாம். 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள், கழிவு சேகரிப்போரையும் வியாபாரிகளையும் பதிவு செய்யும் திட்டத்தை மாநில அரசுகள் தொடங்க வேண்டும் என்றன. இந்தத் தொழிலில் இருப்போரில் பெரும்பகுதியினர் தலித் மக்களும் பிற ஏழைகளும்தான். தொழிலாளி என்று அரசு தரும் அட்டை கையில் இருந்தால், சாக்குப்பையோடு தெருவில் நடப்பவர் பதில் சொல்லும் விதமே மாறும்.

அடுத்த கிராம சபையில் படித்த இளைஞர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: நம் ஊரில் பழைய பொருள் சேகரிப்போர் எத்தனை பேர்? அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?