நட்சத்திரமும் அரைப்பேரும்: மல்யுத்தக் காட்சி குறித்துச் சில குறிப்புகள்

1

டிவியில் வருகிற மல்யுத்தம் நிஜமா, பொய்யா என்று கேட்டுத் தொடங்குகிறவர்கள் அந்தக் கேள்வியைத் தாண்டி எங்கும் போவதில்லை. பொய் என்று சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது. பார்ப்பவர்களோ தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டது என்று தெரிந்த பிறகும் ஒருவன் நட்சத்திரமாவது எப்படி, புதிது புதிதாக ஆட்கள் ரசிகர்களாவது எப்படி என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி என்று எனக்குப் படுகிறது.

இதை நான் கற்றுக்கொண்டது கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லைனில். 1964ஆம் வருஷத்துச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கை மலையகத்திலிருந்து நீலகிரிக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தொண்ணூறுகளில் கேபிள் வந்தபோது லைனில் ஒரே ஒரு வீட்டில்தான் கலர் டிவி. சாயங்காலம் குளிருக்குப் போர்த்திக்கொண்டு வந்து உட்காரும் கூட்டத்தில் என் அம்மாயியும் இருப்பார். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. யார் நல்லவன், யார் கெட்டவன், யார் யாரை ஏமாற்றினான் என்பதை மட்டும் எங்களுக்கு முன்னால் சொல்லிவிடுவார்.

"எல்லாம் செட்டப்பு அம்மாயி. பேசி வச்சு அடிக்கிறானுங்க. இதப் போயி வாயப் பொளந்து பாக்குறியே" என்றேன் ஒருநாள், பத்தாங்கிளாஸ் திமிரில்.

"போடா கூறுகெட்டவனே. காமனை எரிக்கப் போறாங்கன்னு தெரியாமலா மாசியில விடிய விடிய குந்தியிருந்தோம்? மூணாம் நாள் எந்திரிச்சிருவான்னும் தெரியும். அதுக்காக ரதி அழுவுறப்போ நாங்க அழுவாம இருந்தமா?"

மலையகத் தோட்டங்களின் காமன் கூத்தை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. தஞ்சைப் பக்கத்து லாவணியில் காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று இன்னொரு கட்சியும் பாடி மோதிக்கொள்ளும். எரிந்த கட்சி, எரியாத கட்சி. இந்த வழக்கு தீர்ந்துபோக வேண்டும் என்று யாரும் விரும்புவதில்லை. வழக்கே விழாவின் ஒரு பகுதி. நிஜமா, பொய்யா என்கிற சண்டையும் அதேபோல மல்யுத்தக் காட்சிக்கு வெளியே நிற்கும் விமர்சனமல்ல, காட்சிக்கு உள்ளேயே இடம்பெறும் ஒரு கூறு.

ரொலான் பார்த் 1957இல் வெளியான தன் 'புராணங்கள்' நூலின் முதல் கட்டுரையிலேயே மல்யுத்தத்தை விளையாட்டிலிருந்து பிரித்துக் காட்சியின் பக்கம் வைத்தார். பார்வையாளனுக்கு வேண்டியது யார் ஜெயிப்பார் என்ற கணக்கல்ல, வலியும் தோல்வியும் நீதியும் கண்ணுக்குத் தெரியும்படி நடித்துக் காட்டப்படுவதே என்பது அவர் வாதத்தின் சாரம். 1989இல் அமெரிக்காவின் டபிள்யூ டபிள்யூ எஃப் நிறுவனமே, விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்கு வேண்டி, எங்களுடையது போட்டியல்ல கேளிக்கை என்று நியூஜெர்சி மாநில சட்டமன்றத்திடம் ஒப்புக்கொண்டது. ரகசியம் உடைந்தது. கூட்டம் கலையவில்லை.

2

அப்படியென்றால் நட்சத்திரம் எதனால் ஆனது? ஜெயிப்பதால் என்று தோன்றும். ஜெயிப்பது யார் என்பதை நிறுவனம் எழுதிக்கொடுக்கும் இடத்தில், ஜெயிப்பதற்கென்று தனி மதிப்பு இருக்க முடியாது. மதிப்பு வருவது தோற்பவனிடமிருந்து. பெயர் பெற்ற ஒருவன் தன் பெயரை இன்னொருவனுக்குக் கடனாகக் கொடுக்கிறான். நட்சத்திர உற்பத்தியின் அடிப்படை விதி இதுதான்.

நம்மூர் உதாரணத்திலிருந்து தொடங்கலாம். நாற்பதுகளின் இறுதியில் சிங்கப்பூர் போய் ஆலையில் வேலைபார்த்தபடி மல்யுத்தம் பயின்ற பஞ்சாபி இளைஞர் தாராசிங். அவருடைய பெயர் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் "இவரு பெரிய தாராசிங்கு" என்ற கேலிப்பேச்சாகப் புழங்குமளவுக்குப் பரவியது. அப்படிப் பரவியதில் கிங்காங்குக்குப் பெரிய பங்கு உண்டு. ஹங்கேரியில் பிறந்த எமில் சாயாதான் கிங்காங். மலைபோன்ற உடம்பு, தாடி, உறுமல். இந்த உடம்பைத் தூக்கிச் சுற்றியதால்தான் தாராசிங், தாராசிங் ஆனார். தாராசிங்கைக் கதாநாயகனாக்கிய 1962ஆம் வருஷத்து இந்திப் படத்தின் தலைப்பே 'கிங்காங்'. ஜெயித்தவனை விற்பதற்குத் தோற்றவன் பெயர் தேவைப்பட்டிருக்கிறது.

இங்கே உடம்பு சார்ந்த ஒரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். அவ்வளவு கனமான ஆளை, அவன் ஒத்துழைக்காமல் தலைக்குமேல் தூக்குவது ஏறக்குறைய முடியாத காரியம். தூக்கப்படுகிறவன் சரியான கணத்தில் எம்ப வேண்டும், உடம்பை இறுக்கிக்கொள்ள வேண்டும், விழும்போது முதுகு முழுவதிலும் அடியைப் பரப்பி வாங்க வேண்டும். நாம் ஒருவனுடைய பலம் என்று பார்ப்பது இரண்டு பேருடைய வேலை. கைத்தட்டல் மட்டும் ஒருவனுக்கு.

தமிழ் சினிமாவில் இந்த வேலையைச் செய்தவர் எம்.என். நம்பியார். கண்ணூர்ப் பக்கம் பிறந்து, அப்பா இறந்தபின் ஊட்டிக்கு வந்து, இங்கே பள்ளிக்கூடம் படித்து, பதின்மூன்று வயதில் நவாப் ராஜமாணிக்கம் நாடகக் குழுவில் சேர்ந்தவர். 1965இல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆர். வீசும் சாட்டையை நினைத்துப் பாருங்கள். அந்தச் சாட்டை இறங்குவதற்கு ஒரு முதுகு வேண்டும். அந்த முதுகு அதுவரை செய்த அட்டூழியத்தின் கனம்தான் சாட்டையின் கனம். சொந்த வாழ்வில் சைவ உணவும் சபரிமலை விரதமுமாக இருந்த மனிதர், திரையில் ஊர் வசவையெல்லாம் வாங்கிச் சேர்த்து எதிரில் நின்றவர் கணக்கில் வரவு வைத்தார். மல்யுத்தத்தில் இதற்குத் தனித் தொழிற்பெயரே உண்டு. நம் பேச்சில் வில்லன் என்றால் போதும்.

1987 மார்ச் 29 அன்று மூன்றாவது ரெஸில்மேனியாவில் ஹல்க் ஹோகன், ஆந்த்ரே என்ற ராட்சத உடம்புக்காரரைத் தூக்கிப் போட்டார். ஆந்த்ரே பதினைந்து வருஷமாகத் தோற்றதே இல்லை என்று அறிவிக்கப்பட்டிருந்தது. உண்மையில் வேறு நாட்டு மேடைகளில் தோற்றிருந்தார். அந்தத் தோல்விகள் மறைக்கப்பட்டு, மொத்தமாகச் சேமிக்கப்பட்ட பெயர் ஒரே இரவில் ஹோகனுக்குக் கைமாறியது. அப்போது ஆந்த்ரேயின் முதுகு ஏற்கனவே நொடித்திருந்தது. கதை பொய்யாக இருக்கலாம், முதுகு பொய்யல்ல.

3

இனிப் புது ரசிகன். அவன் சண்டை வழியாக மட்டும் வருவதில்லை. எங்கள் லைன் பையன்களில் பலர் டிவியில் பார்ப்பதற்கு முன்பே சீட்டில் பார்த்துவிட்டார்கள். கடைகளில் விற்ற டபிள்யூ டபிள்யூ எஃப் ட்ரம்ப் கார்டில் உயரம், எடை, மார்பளவு, புஜம், ஆடியது, ஜெயித்தது, ரேங்க் என்று எண்களாக ஒவ்வொரு வீரனும் அச்சாகியிருந்தான். "எடை சொல்லுடா", "ரேங்க் சொல்லுடா" என்று கூவிச் சீட்டைப் பறித்துக்கொள்வோம். அம்மாக்கள் தராசடியில் கொழுந்துக்கு எடை போட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், நாங்கள் முன்பின் பார்த்திராத ஆட்களுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தோம். மேடைக்கென்று கூட்டிச் சொல்லப்பட்ட எடையும் உயரமும் எங்களுக்கு மனப்பாடம்.

அடுத்தது, தொடர்கதை. வாரப் பத்திரிகைத் தொடரைப் போலவே ஒவ்வொரு வாரமும் ஒரு கேள்வியோடு நிறுத்தப்படுகிறது. 1994 ஜனவரியில் அண்டர்டேக்கர் சவப்பெட்டியில் அடைக்கப்பட்டு 'செத்துப்போனார்'. ஆகஸ்டில் திரும்பி வந்தார். அதைப் பிறகு அறிந்தபோது எனக்கு அம்மாயியின் காமன்தான் ஞாபகம் வந்தான். எரிப்பு, புலம்பல், உயிர்ப்பு. கூத்தில் மூன்று நாளில் நடப்பதை நிறுவனம் ஏழு மாதத்துக்கு நீட்டி விற்றிருக்கிறது.

மூன்றாவது, பார்ப்பவனின் சொந்தக் கோபம். தொண்ணூறுகளில் டபிள்யூ டபிள்யூ எஃப்புக்குப் போட்டி நிறுவனம் ஒன்று இருந்தது. பார்வையாளர் எண்ணிக்கையில் 83 வாரம் தொடர்ச்சியாக அதனிடம் பின்தங்கியிருந்த டபிள்யூ டபிள்யூ எஃப், 1998 ஏப்ரலில் மீண்டது. அன்று அறிவிக்கப்பட்டிருந்த மோதல்: ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினுக்கும் நிறுவனத்தின் முதலாளி வின்ஸ் மெக்மஹனுக்கும். வேலைக்காரன் முதலாளியை அடிக்கிறான். எங்கள் லைனில் இதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. "தொரைய அடிக்கிறான்டோய்!" அவ்வளவுதான். பெரட்டுக்களத்தில் தொரை முன்னால் குரல் உயர்த்த முடியாதவர்கள் அந்த அறையில் விசிலடித்தார்கள்.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது. அடிவாங்கிய தொரையே அந்தக் காட்சியின் உடைமையாளர். தன்மீது விழுகிற அடியை அவரே எழுதி, அவரே வாங்கி, அவரே விற்றார். ஆஸ்டினை நட்சத்திரமாக்கிய வில்லன் அவர்தான். ஆனால் நம்பியாரைப் போலக் கூலிக்கு விழுந்த வில்லன் அல்ல. எதிர்ப்பு என்பது அதிகாரத்துக்கு வெளியிலிருந்து வருவதாக நம்பிக்கொண்டிருக்கிற நமக்கு, எதிர்ப்பையே சரக்காக்கி வாசலில் கொண்டுவந்து தருகிற அதிகாரத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்பது சிக்கலான கேள்வி. விசிலடித்தவர்களின் கோபம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். மறுநாள் காலை அது எங்கே போயிற்று என்றுதான் கேட்கிறேன்.

கோபத்துக்கு அடுத்தபடியாக நிறுவனம் தேடிய வழி, உள்ளூர் முகம். 2002இல், உலக வனவிலங்கு நிதியத்துடனான வழக்கில் தோற்றதால் டபிள்யூ டபிள்யூ ஈ என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே நிறுவனம், 2006இல் ஹிமாசலப் பிரதேசத்துத் தலிப்சிங் ராணாவை 'கிரேட் காளி' ஆக்கியது. வந்த இரண்டாவது மாதமே அண்டர்டேக்கர் அவரிடம் தோற்றார். கடன் பெரியது. காளி 2007 ஜூலையில் உலகப் பட்டம் வரை போனார். எனினும் அவருக்குத் தரப்பட்ட பாத்திரம் முதலில் பூதம், பிறகு நடனமாடும் கோமாளி. வெள்ளைக்காரக் கண்ணுக்கு மற்றமை என்பது பயமுறுத்த வேண்டும் அல்லது சிரிக்க வைக்க வேண்டும்.

2017 மே மாதம் கனடாவில் பிறந்த பஞ்சாபி வம்சாவளி ஜிந்தர் மஹாலுக்கு முதன்மைப் பட்டமே தரப்பட்டது. அதுவரை வாராவாரம் தோற்றுக்கொண்டிருந்தவர். யாருடைய பெயரும் அவர் கணக்கில் சேர்ந்திருக்கவில்லை. அமெரிக்கக் கூட்டத்தின் முன் அவர் வில்லன், இந்தியக் கூட்டத்தின் முன் நாயகன். அவர் பேசிய பஞ்சாபி கோத்தகிரிக்கு இங்கிலீஷைவிட நெருக்கமானதல்ல. டிசம்பரில் டெல்லியில் நிகழ்ச்சி வைத்துவிட்டு, நவம்பரிலேயே பட்டத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். வெற்றியைக் கையில் கொடுத்துவிட்டால் நட்சத்திரம் வந்துவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. 2023 செப்டம்பரில் ஹைதராபாத்தில் நிகழ்ச்சி நடத்தியபோது அவர்கள் கூட்டிவந்த பெரிய பெயர் ஜான் சீனாவுடையது.

4

இலங்கைத் தோட்டங்களில் ஒருநாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். நாள் முழுக்க மலையில் நின்றிருந்தாலும் கணக்கில் பாதி ஆள்தான். அம்மாயி கடைசிவரை இந்தச் சொல்லை விடவில்லை.

மல்யுத்தத்திலும் அரைப்பேர்காரர்கள் இருக்கிறார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வார நிகழ்ச்சிகளில் நட்சத்திரங்களிடம் இரண்டு நிமிஷத்தில் தோற்பதற்கென்றே கூலிக்கு வந்தவர்கள். ட்ரம்ப் கார்டில் அவர்களுக்குச் சீட்டு கிடையாது. பேர் போட்டவர்கள் நிலையும் உறுதியானதல்ல. இந்த நிறுவனம் தன் வீரர்களைத் தொழிலாளர் என்று ஒப்புக்கொள்வதில்லை, சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள் என்கிறது. தோட்டத் தொழிலாளிக்கு 1951ஆம் வருஷச் சட்டம் மருத்துவமும் வீடும் தர வேண்டுமென்று எழுத்திலாவது சொன்னது. மேடையில் கழுத்தொடிகிறவனுக்கு அந்த எழுத்தும் இல்லை. 1986இல் ஜெஸ்ஸி வென்ச்சுரா சங்கம் வைக்கலாமென்று சக வீரர்களிடம் பேசினார். பேச்சு முதலாளி காதுக்குப் போய் அதோடு நின்றது. கொண்டுபோனவர் ஹோகன்தான் என்று வென்ச்சுரா பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். தோற்றவர்களின் முதுகின்மேல் ஏறிய நட்சத்திரத்துக்குச் சங்கம் எதற்கு? 1999 மே 23 அன்று கான்ஸாஸ் நகரில், கூரையிலிருந்து கயிற்றில் இறக்கப்படவிருந்த ஓவன் ஹார்ட் கொக்கி விடுபட்டு விழுந்து இறந்தார். அவரை எடுத்துப் போனபின் நிகழ்ச்சி தொடர்ந்தது.

ஆக, பொய் எது என்று தேடினால் அது அடியில் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலைக்கு ஒருவன் பெயரை மட்டும் போடுகிற கணக்கில் இருக்கிறது. இது மல்யுத்தத்துக்கு மட்டும் உரிய கணக்கல்ல. டப்பாவில் பெயர் அச்சாகிற தேயிலைக்கும் இதே கணக்குதான்.

2025 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் இந்த நிகழ்ச்சிகள் நெட்ஃபிளிக்ஸில் வருகின்றன. லைனில் இப்போது யாரும் ஒரே அறையில் கூடுவதில்லை. பையன்கள் ஆளுக்கொரு போனில் பார்க்கிறார்கள். முன்பு அந்த அறையில், சண்டை முடிந்து காமிரா ஜெயித்தவனோடு நடந்துபோகும்போது, நாங்கள் எல்லாரும் அவனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்போம். அம்மாயி மட்டும் டிவியின் ஓரத்தை எட்டிப் பார்த்துக் கேட்பார்: "அந்த விழுந்தவன் எந்திரிச்சானாடா?"

காமிரா அதைக் காட்டியிருக்காது. "எந்திரிச்சிட்டான் அம்மாயி" என்று சும்மா சொல்லிவைப்போம்.