சைக்கிள் சென்னை – 17: கடற்காற்றுக்கு ஒரு கியர்

சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு மலை கிடையாது. காற்று உண்டு.

மயிலாப்பூரிலிருந்து அடையாறு போகும் வழி முழுக்கச் சமதரை. ஆர்.கே. மடம் சாலை, மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை முனை எல்லாம் கடந்து திரு.வி.க. பாலத்தில் ஏறும்போதுதான் தொடை லேசாக வேலை செய்யத் தொடங்கும். தி.நகரில் உஸ்மான் சாலை மேம்பாலம், அண்ணா சாலையில் 1973-இல் கட்டிய ஜெமினி மேம்பாலம். இவைதான் நம்முடைய மேடுகள். பரங்கிமலையே சுமார் 300 அடிதான். ஆனால் சித்திரை, வைகாசியில் மதிய வெயில் சாயத் தொடங்கியதும் கடலிலிருந்து கிளம்பி, தென்கிழக்கே திரும்பி வீசும் காற்று இருக்கிறதே, அதற்கு உச்சி கிடையாது. மலை என்றால் ஏறி முடித்து இறங்கலாம். காமராஜர் சாலையில் கலங்கரை விளக்கத்தை நோக்கித் தெற்கே மிதிக்கிறவருக்கு எதிர்க்காற்று சாந்தோம் வரைக்கும் விடாது. ஐப்பசி பிறந்தால் திசை மாறிவிடும். வடகிழக்குப் பருவக்காற்று திருவான்மியூரிலிருந்து வடக்கே வருகிறவரை முகத்தில் அறையும்.

சென்ற வாரம் ஃபிக்ஸட் வீல் பற்றிப் பார்த்தோம். பின்சக்கரத்தில் ப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். சர்க்கஸில் பின்னோக்கி ஓட்டிக் காட்டுகிறார்களே, அந்த வண்டிகளும் இந்த வகைதான். பந்தயத் தடத்தில் ஓடும் சைக்கிள்களும் இப்படித்தான். காலுக்கும் சாலைக்கும் நடுவே எதுவும் இல்லை என்கிற அந்த உணர்வுக்காகவே இதை விரும்பி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். அப்படிப்பட்ட வண்டியை நம் கடற்காற்று என்ன பாடு படுத்துகிறது, அதற்கு என்ன மருந்து என்பதுதான் இந்த வாரம்.

முன்னே 46 பல், பின்னே 17 பல் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் 5.7 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 27 கிலோமீட்டர். காற்றில்லாத விடியற்காலையில், நல்ல சாலையில், பழகிய காலுக்கு இது சுகமான வேகம். இப்போது மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசட்டும். வண்டி 20-இல் போனாலும் மார்பில் மோதும் காற்றின் வேகம் 35. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், காற்றில்லாத நேரத்தில் அதே 20-இல் போவதைவிடத் தடை மூன்று மடங்கு. தோராயமாகக் கணக்குப் போட்டால், அமைதியான காலையில் 25-இல் போகிறவர் அதே உழைப்புக்கு இந்தக் காற்றில் 17-இல்தான் போக முடியும். ப்ரீவீலும் கியரும் உள்ள வண்டிக்காரர் பல்லை மாற்றிக்கொள்வார். ஃபிக்ஸட் வண்டிக்காரருக்கு அந்த வழி இல்லை. வேகம் குறைந்தால் கால் சுற்றும் கூடவே குறையும். நிமிடத்துக்கு 50 சுற்றில், ஒவ்வொரு மிதியையும் முழங்கால் சுமக்க வேண்டிவரும்.

செயினைப் பல்லுக்குப் பல் தாவவைக்கும் சாதாரண டீரெய்லர் கியரை மாட்டக் கூடாதா என்று கேட்கலாம். கூடாது. அந்த அமைப்பில் செயினின் கீழ்ப்பகுதியை ஒரு ஸ்பிரிங் கை இழுத்துப் பிடித்திருக்கிறது. ஃபிக்ஸட் வண்டியில் காலை எதிர்த்து அழுத்தி வேகம் குறைக்கும்போது முழு விசையும் அந்தக் கீழ்ப்பகுதியில் விழும். ஸ்பிரிங் தாங்காது. சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு பல் பூட்டி, வேண்டும்போது சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போடுவது பழைய உபாயம். லஸ் முனையில் மெட்ரோ வேலைக்காக வழி மாற்றி விட்டிருக்கும் நெரிசலில், ஸ்பேனரோடு யார் குந்தி உட்காருவார்கள்? மீதி இருப்பது ஒரே வழி. கியரை ஹப்புக்கு உள்ளேயே அடைத்துவிட வேண்டும்.

ஹப் கியர் நமக்குப் புதிதல்ல. ரேலி, ஹம்பர் சைக்கிள்கள் இருந்த பழைய மயிலாப்பூர் வீடுகளில் ‘த்ரீ ஸ்பீட்’ வண்டியைப் பற்றிய பேச்சு இன்னும் மிச்சமிருக்கிறது: ஹேண்டில்பாரில் சின்ன நெம்பு, அதிலிருந்து பின்சக்கரத்துக்கு ஓடும் ஒரு கம்பி, அச்சின் முனையிலிருந்து வெளியே வரும் குட்டிச் சங்கிலி. அது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்து ஸ்டர்மி–ஆர்ச்சர். ரேலியின் அதிபர் ஃபிராங்க் பவுடன் 1902-இல் தொடங்கிவைத்த வேலை. ஹென்றி ஸ்டர்மி, ஜேம்ஸ் ஆர்ச்சர் என்ற இருவர் பெயரில் விற்பனைக்கு வந்தாலும், அதில் பெரும்பங்கு வில்லியம் ரைலி என்ற மூன்றாமவருடையது. வேறொரு கம்பெனியோடு செய்திருந்த ஒப்பந்தத்தால் அவர் பெயர் வெளியே வரவில்லை. நூற்றாண்டு தாண்டியும் ஹப்பின் மேல் அவர் பெயர் இல்லை என்பது எனக்கு ஆறவே மாட்டாத விஷயம்.

1936-இல் வந்த அவர்களுடைய ‘ஏடபிள்யூ’ ஹப்தான் உலகெங்கும் பரவியது. உள்ளே நடுவில் அச்சோடு அசையாமல் இருக்கும் 20 பல் சூரியச் சக்கரம். அதைச் சுற்றி வரும் நான்கு கோள் சக்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் 20 பல். எல்லாவற்றையும் தழுவி வெளியே 60 பல் வளையம். பெடல் வளையத்தைத் திருப்பி, கோள்களைத் தாங்கும் கூண்டு ஹப்பைத் திருப்பினால், 60-ஐ 80-ஆல் வகுத்தது, அதாவது முக்கால் பங்கு வேகம். தலைகீழாகக் கூண்டைத் திருப்பி வளையத்தால் ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். இரண்டுக்கும் நடுவில் நேர் ஓட்டம். மூன்று கியர் முடிந்தது.

ஏடபிள்யூவில் விசையை ஹப்புக்குக் கடத்துபவை ஸ்பிரிங் வைத்த சின்ன நாக்குகள். முன்னே தள்ளும்போது பிடிக்கும், பின்னே வரும்போது வழுக்கிக் ‘கிடுகிடு’ என்று சத்தம் போடும். ப்ரீவீலும் இதேதான். ஃபிக்ஸட் ஹப்பில் இந்த வழுக்கலுக்கு இடமே கிடையாது. இரண்டு திசையிலும் பிடிக்கும் பல்லும் பள்ளமும் வேண்டும். கியர் மாற்றும்போது அவை விலகி, மறுபடி சரியாகக் கோத்துக்கொள்ளவும் வேண்டும். கோத்துக்கொள்ள வேண்டுமானால் கொஞ்சம் இடைவெளி விட்டே ஆக வேண்டும். அதனால் காலை முன்னே அழுத்துவதிலிருந்து பின்னே அழுத்துவதற்கு மாறும் அந்தக் கணத்தில் பெடல் சிறிது ஆடும், பழைய கதவின் தாழ்ப்பாள் பொருந்துவதற்கு முன் ஆடுவதுபோல. ஃபிக்ஸட் வீலின் இறுக்கத்துக்காகவே அதைத் தேடி வந்தவர்கள் பலர் இந்த ஆட்டத்தைத் தாங்கமாட்டார்கள். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. ஒரே சீராக மிதித்துப் போகும் நீண்ட சாலையில் அது தெரிவதே இல்லை. சிக்னலுக்குச் சிக்னல் நின்று புறப்படும் தி.நகரில் தெரியும்.

இந்த வகையில் ஸ்டர்மி–ஆர்ச்சர் செய்த மூன்று வேக ஹப்கள் இரண்டு. முதலாவது ‘ஏஎஸ்சி’, 1946-இல் வந்தது. ஐம்பதுகளின் கடைசியோடு நின்றுபோனது. நேர் ஓட்டம்தான் அதன் உச்ச கியர்: 100 சதவீதம். அடுத்தது 90. அதற்கும் கீழே 75. அந்தக் காலத்து பிரிட்டனில், வார இறுதிகளில் விடியற்காலையில் ஒவ்வொருவராகக் கடிகாரத்தோடு போட்டி போடும் சாலைப் பந்தயங்களில் ஃபிக்ஸட் வண்டிதான் பலருக்கும் வழக்கம். அவர்களுக்காகச் செய்தது இது. அதன்பின் ஐம்பது ஆண்டுக்கும் மேலாக எதுவும் இல்லை. கையிலிருந்தவர்கள் அதை விற்க மனமில்லாமல் வைத்திருந்தார்கள். பழைய ஏஎஸ்சிக்கு விலை ஏறிக்கொண்டே போனது. அமெரிக்காவின் ஷெல்டன் பிரவுன், சைக்கிள் நுட்பத்தைப் பாமரருக்கும் புரியும்படி எழுதிவந்தவர், இதன் அருமையை விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் 2008-இல் காலமானார். அடுத்த ஆண்டே ‘எஸ்3எக்ஸ்’ வெளிவந்தது. இதற்குள் நாட்டிங்ஹாம் ஆலை மூடி, 2000-இல் தைவானின் சன்ரேஸ் கம்பெனி ஸ்டர்மியை வாங்கியிருந்தது. எஸ்3எக்ஸ்-இன் அளவுகள்: 100, 75, 62.5.

இந்த இரண்டு வரிசை எண்களை வைத்துக்கொண்டு நம் ஊர்ச் சாலைகளை நினைத்துப் பார்த்தால், எனக்கு ஒரு முடிவு தெளிவாகவே இருக்கிறது. சென்னைக்கு ஏற்றது பழைய ஏஎஸ்சிதான்.

முன்னே சொன்ன 46–17 வண்டியில், நிமிடத்துக்கு 80 சுற்று என்று வைத்துக்கொண்டால், நேர் ஓட்டத்தில் 27 கிலோமீட்டர் வேகம். 90 சதவீதத்தில் 24.5. 75-இல் 20.4. 62.5-இல் 17. காலை ஏழு மணிக்கு கடற்கரைச் சாலையில் வீசுவது பெரும்பாலும் மெல்லிய காற்று. பக்கவாட்டிலிருந்து வந்தாலும் சின்ன வேகக்குறைவுதான். அதற்கு 90 போதும். எஸ்3எக்ஸில் அந்த நேரத்துக்கு எதுவுமே இல்லை: நேர் ஓட்டத்தில் கால் கனக்கும், 75-க்கு இறக்கினால் கால் வெற்றாகச் சுழலும். மதியத்துக்கு மேல் முழு எதிர்க்காற்றுக்கும், திரு.வி.க. பாலத்துக்கும், ஜெமினிக்கும் 75 இருக்கிறது. 62.5 யாருக்கு? ஏற்காட்டுக்கோ ஏலகிரிக்கோ வண்டியோடு போகிறவருக்கு. நம் அன்றாடத்தில் அது பரங்கிமலைக்கு மட்டும் உதவும். கடுமையான புயல் காற்றில் அதுவும் வேண்டியிருக்கும்தான்; அந்த நாளில் சைக்கிளை வெளியே எடுக்காமல் இருப்பதே நல்லது.

இன்னொரு காரணத்துக்காகவும் ஹப் கியர் இந்த நகரத்துக்கு உகந்தது. கடற்காற்றில் உப்பு இருக்கிறது. சாந்தோம், பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர்ப் பக்கம் வண்டியை மாடிப்படிக்குக் கீழே நிறுத்தினாலும் வெளியே தெரியும் இரும்பு துருப்பிடிக்கும். கூடவே மெட்ரோ தோண்டும் புழுதி. ஹப்புக்குள் இருக்கும் பல் அத்தனையும் மூடிய ஓட்டுக்குள் எண்ணெயில் கிடக்கின்றன. பழைய ஸ்டர்மி ஹப்களின் மேல் எண்ணெய் விடவே ஒரு சின்ன மூடி இருக்கும். ஆனால் வெள்ளத்தில் எச்சரிக்கை வேண்டும். சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து ஓர் அடிக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த மாதிரித் தண்ணீர் நின்றால் ஹப் முழுகிவிடும். முழுகிய ஹப்பைப் பிரித்துத் துடைத்துப் புதிதாக எண்ணெய் போடாமல் ஓட்டவே கூடாது.

அம்பத்தூரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதி நிறையாது. முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-இல் தொடங்கியது டிஐ சைக்கிள்ஸ். ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, பிலிப்ஸ் என்று நம் வீடுகளுக்குள் வந்த பெயர்கள் அங்கிருந்து வந்தவை. பிறந்த ஊரான பிர்மிங்காமில் ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் தங்கள் பெயரிலேயே மூன்று வேக ஹப் செய்து விற்றவை. அந்தப் பிரிட்டிஷ் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான் 1960-இல் ரேலியையும், அதனோடு ஸ்டர்மி–ஆர்ச்சரையும் வாங்கியது. அப்படியிருந்தும், குடும்பத்தையே தூக்கிச் சுமந்த நம் கறுப்புச் சைக்கிள் ஒரே பல்லோடு, ப்ரீவீலோடு தெருவில் இறங்கியது. விலை முக்கியமாக இருந்த காலம். தெருமுனைக் கடைக்காரர் சுத்தியலும் ஸ்பேனரும் வைத்துச் சரிசெய்யக்கூடியதாக வண்டி இருக்க வேண்டியிருந்தது. அந்தத் தீர்மானத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஆலையிலிருந்து ஒரு மூன்று வேக ஹப் மலிவு விலையில் பரவியிருந்தால், வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய ஒரு தலைமுறை வேறு மாதிரி மிதித்திருக்கும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

இப்போது வேண்டும் என்கிறவருக்குச் சில சொற்கள். பழைய ஏஎஸ்சியில் 40 ஸ்போக் துளை கொண்டவை உண்டு. நம் கறுப்புச் சைக்கிளின் பின் ரிம்மும் வழக்கமாக 40 துளைதான், முன்னே 32. ஆகவே கிடைத்தால் உள்ளூர் ரிம்மிலேயே கட்டலாம். கோட்டம் எடுக்கத் தெரிந்த எந்தக் கடைக்காரரும் கட்டித் தருவார். எஸ்3எக்ஸ் 28, 32, 36 துளைகளில் வருகிறது; புது வகை ரிம் வேண்டும். எதை மாட்டினாலும் கியர் கம்பியின் இழுப்பைச் சரியாக வைப்பது முக்கியம். கம்பி தளர்ந்தால் பல் பாதி கோத்து நிற்கும். பாதி கோத்த பல் தேய்ந்துபோகும், அழுத்தி மிதிக்கும்போது நழுவவும் செய்யும். காலால் மட்டுமே வேகம் குறைத்துக்கொள்ளலாம் என்று நம்பி பிரேக் இல்லாமல் போகிறவர்களுக்கு இந்த ஹப் ஆகவே ஆகாது. முன் பிரேக் கட்டாயம். பின்னேயும் ஒன்று இருந்தால் நிம்மதி.

உடை விஷயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ப்ரீவீல் வண்டியில் வேட்டி நுனியோ துப்பட்டாவோ செயினில் சிக்கினால் மிதிப்பதை நிறுத்தினால் போதும். ஃபிக்ஸட் வண்டியில் நிறுத்த முடியாது. சக்கரம் இழுத்துக்கொண்டே போகும். முழுச் செயின்கவர் போடுங்கள். செயினைத் துடைக்கும்போது சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டுத் துணியைப் பல்லருகே கொண்டுபோகவே போகாதீர்கள். விரலை இழந்தவர்கள் உலகில் நிறையப் பேர். வேகத்தடையிலும் வளைவிலும் பெடல் தரையில் இடிக்காமல் இருக்க கிராங்க் சற்றுக் குட்டையாக இருப்பது நல்லது.

தைவான் ஆலை அந்த 90 சதவீதக் கியரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை. கடலோர நகரங்கள் உலகில் எத்தனையோ இருக்கின்றன; கொழும்பும் புதுச்சேரியும் தூத்துக்குடியும் நம்மைப் போலவே சமதரை, நம்மைப் போலவே காற்று. அதுவரைக்கும் எஸ்3எக்ஸ் வைத்திருப்பவர்கள் பின்பல்லை மாற்றி ஒரு சமாதானம் செய்துகொள்ளலாம்: 17-க்குப் பதில் 18 போட்டால் நேர் ஓட்டம் 25.8 கிலோமீட்டருக்கு இறங்கும். மெல்லிய காற்றில் அதிலேயே ஓட்டிவிடலாம்; 75 சதவீதம் 19.3-இல் நிற்கும், மதியக் காற்றுக்கு அது சரியாக இருக்கும். காற்றில்லாத காலையில் கால் கொஞ்சம் வேகமாகச் சுழல வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த வாரம்: பேட்டரி இல்லாமல் எரியும் விளக்கு, அதாவது டைனமோ ஹப்.

(தொடரும்)